கேபிள்களின் தகுதியும் தகுதியின்மையும்: உத்திரமேரூர் முறையில் ஒரு சிற்றாராய்ச்சி

1. ஆராய்ச்சியின் பொருள்

தரவு மையங்களுக்குள் ஓடும் உயர்வேகக் கேபிள்களின் சந்தை ஆண்டுக்கு ஆண்டு விரிந்துவருகிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்துள்ள கட்டடங்களைக் காண்போர் அவற்றின் குளிரூட்டிகளைப் பார்த்து வியக்கின்றனர், ஜெனரேட்டர்களை எண்ணுகின்றனர். கேபிள்களை எண்ணுவோர் அரியர். எண்ணுவதற்கு முன் வகுக்க வேண்டும். வகுப்பதற்கு முன் தகுதி அறிய வேண்டும். தகுதி அறியும் கலைக்குத் தமிழகத்தில் மூலச்சான்று உண்டு. அது காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவரே ஓலைக்கு உரியவர். வயது முதற்கல்வெட்டின்படி 30 முதல் 60. இரண்டாவதன்படி 35 முதல் 70. தகுதிகள் இவ்வளவில் ஏறக்குறைய முடிகின்றன. தகுதியின்மைகளோ தொடர்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், கள்ள ஓலை எழுதியவர், கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் எனப் பலரும் விலக்கப்படுகின்றனர். ஒருவரை அமர்த்தச் சில சொற்கள் போதும். விலக்கப் பல சொற்கள் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

கேபிளுக்கும் இதுவே விதி. புதிய கேபிள் அதன் சிறப்பால் மட்டும் விற்பனையாவதில்லை. பழைய கேபிள் தகுதி இழப்பதாலேயே பெரிதும் விற்பனையாகிறது. இதனை நிறுவுவதே இச்சிற்றாராய்ச்சியின் நோக்கம்.

2. ஐந்து குடும்புகள்

உயர்வேகக் கேபிள் என இங்கே கொள்ளப்படுவது, தரவு மையத்துள் இரு கருவிகளை இணைத்து நொடிக்கு 10 ஜிகாபிட்டோ அதற்கு மேலோ கடத்துவது. இவ்வரையறையால் இரண்டு பொருள்கள் நீங்குகின்றன. ஒன்று, கடைத்தெருவில் மாடிக்கு மாடி தாவிச் செல்லும் டிவி கேபிள். அது வீட்டை வீட்டோடு இணைத்தாலும் சர்வரைச் சுவிட்சோடு இணைப்பதில்லை. மற்றொன்று, சேவையிலிருந்து நீங்கிக் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தப் பயன்படும் கேபிள். அது தாங்கும் இழுவிசை கணிசமானதே எனினும், அவ்விசை தரவின் பொருட்டு அன்று.

எஞ்சிய கேபிள்கள் ஐந்து குடும்புகளில் அடங்கும்.

முதலாவது, முறுக்கு இணைச் செம்பு. நான்கு இணைக் கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுவது. கேட் 6ஏ 10 ஜிகாபிட்டை 100 மீட்டருக்கும், கேட் 8 40 ஜிகாபிட்டை 30 மீட்டருக்கும் கொண்டுசெல்லும்.

இரண்டாவது, ட்வின்ஆக்ஸ் செம்பு. சர்வர் அறையில் இதற்கு ‘டேக்’ என்று பெயர். இரு கடத்திகள் ஒரே கவசத்துள் பக்கம் பக்கமாக ஓடும். இரு முனைகளிலும் இணைப்பான் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். வேண்டிய நீளத்துக்கு வெட்டி மறுபடி முனை கட்ட இயலாது.

மூன்றாவது, ஏ.இ.சி. இதுவும் செம்பே, ஆனால் முனைகளுக்குள் சிப்புகள் அமர்ந்து, வழியில் சோர்ந்த சைகையைப் புதிதாக எழுதி அனுப்பும். சாதாரண டேக் எட்டாத சில மீட்டர்களை இது எட்டும்.

நான்காவது, ஏ.ஓ.சி. உள்ளே கண்ணாடி இழை. இரு முனைகளிலும் ஒளியை மின்சாரமாகவும் மின்சாரத்தை ஒளியாகவும் மாற்றும் உறுப்பு நிலையாக ஒட்டப்பட்டிருக்கும்.

ஐந்தாவது, பேட்ச் கார்டு. இதுவும் கண்ணாடி இழை. மாற்றும் உறுப்பான டிரான்ஸீவர் தனியே வாங்கப்பட்டுப் போர்ட்டில் செருகப்படும்.

நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றே எனக் கொள்வாரும் உளர். அக்கொள்கை பொருந்தாது. ஏ.ஓ.சி.யின் ஒரு முனை பழுதானால் 30 மீட்டர்க் கேபிளும் முனையோடு சேர்ந்து வீணாகும். பேட்ச் கார்டில் பழுதான உறுப்பு மட்டும் நீங்கும். குற்றமற்ற கேபிள் பணியில் தொடரும். குற்றம் செய்யாதவரையும் சேர்த்து விலக்கும் அமைப்பும், குற்றம் செய்தவரை மட்டும் விலக்கும் அமைப்பும் ஒரே குடும்பில் அடங்கா.

3. நீளவியல்

கேபிளின் இயல்புகளுள் நீளமே தலையாயது. வேகம் கூடுந்தோறும் நீளம் குறையும் என்பது நீளவியலின் முதல் விதி.

இவ்விதிக்குச் சான்று ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் ஈதர்நெட் தரநிலைகளில் உள்ளது. தடம் ஒன்றுக்கு 10 ஜிகாபிட் ஓடிய காலத்தில் ட்வின்ஆக்ஸ் செம்புக்கு வகுத்த எல்லை 7 மீட்டர். தடத்துக்கு 25 ஜிகாபிட் ஆனபோது எல்லை 5 மீட்டர் ஆயிற்று. 50 ஆனபோது 3. 100 ஆனபோது 2. சைகையின் அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியைத் துறந்து மேற்பரப்பை ஒட்டியே ஓடுகிறது. ஓடும் இடம் குறுகுவதால் தடையும் இழப்பும் மிகுகின்றன. இதுவே எல்லை குறுகுவதற்குத் தலையான காரணம்.

7, 5, 3, 2 ஆகிய நான்கும் பகா எண்கள் என்பதும், முதல் நான்கு பகா எண்கள் இவையே என்பதும் குறிக்கத்தக்கன. தடத்துக்கு 200 ஜிகாபிட் ஓடும் அடுத்த தரத்தில் செம்புக்குக் குறிக்கப்பட்ட இலக்கு 1 மீட்டர். 1 பகா எண் அன்று. செம்பு ஒரு வரிசையின் இறுதியை அடைந்துவிட்டது என்பதை எண்கணிதமும் இவ்வாறு உடன்படுகிறது.

மாவட்டத்து அளவையால் இதனை நோக்குவதும் பயனுடைத்து. காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். கேபிளுக்கு நான்கு தடங்கள் எனக் கொண்டால், 40 ஜிகாபிட் செம்புக் கேபிள் புடவையினும் நீண்டது. 100 ஜிகாபிட் கேபிள் புடவைக்கு அரை மீட்டர் குறைவு. 400 ஜிகாபிட் கேபிள் முந்தானைப் பகுதியைக் கடந்ததும் நின்றுவிடும். ஆகவே செம்பு புடவையின் அளவிலிருந்து வீழ்ந்தது, 40 ஜிகாபிட்டுக்கும் 100 ஜிகாபிட்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேயாம்.

கண்ணாடி இழையும் முதல் விதிக்கு உட்பட்டதே. ஓ.எம்.3 எனப்படும் பன்முறை இழை 10 ஜிகாபிட்டை 300 மீட்டர் கொண்டுசென்றது. 40 ஜிகாபிட்டை 100. 100 ஜிகாபிட்டை 70. நான்கு தடங்களில் ஓடும் 400 ஜிகாபிட்டை 60. அதன் உட்கருவின் விட்டம் 50 மைக்ரான். அவ்வகலத்தில் ஒளி பல வழிகளில் செல்ல இடமுண்டு. ஒன்றாகப் புறப்பட்ட கதிர்கள் முன்பின்னாக வந்து சேர, அடுத்தடுத்த சைகைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நீளம் குறைந்தால் முன்பின் குறையும்.

முதல் விதியின் கொடுமைக்குத் தப்பியது ஒற்றைமுறை இழை. அதன் உட்கரு சுமார் 9 மைக்ரான். ஒளிக்கு அங்கே ஒரே வழி. அவ்வழியில் 100 ஜிகாபிட்டும் 10 கிலோமீட்டர் செல்லும். நீளவியலின் இரண்டாம் விதி இதிலிருந்து பிறக்கிறது: வழிகள் பல உடையது அருகிலும், வழி ஒன்றே உடையது தொலைவிலும் பயன்படும்.

4. நிறவியல்

நிறம் அழகுக்காக அமைந்தது எனக் கருதுவது பிழை. ஒற்றைமுறை இழை மஞ்சள். பழைய பன்முறை இழைகளான ஓ.எம்.1, ஓ.எம்.2 இரண்டும் ஆரஞ்சு. ஓ.எம்.3 அக்வா. ஓ.எம்.5 எலுமிச்சைப் பச்சை. ஓ.எம்.4 மட்டும் இருநிலையது. சிலர் அதனை அக்வாவிலும் சிலர் ஊதாவிலும் செய்கின்றனர். ஆதலின் அக்வா நிறக் கேபிளைக் கண்டு அது ஓ.எம்.3 எனத் துணிதல் ஆகாது. மேலுறையில் அச்சிட்ட எழுத்தைப் படித்தே துணிதல் வேண்டும். நிறத்துக்கும் எழுத்துக்கும் முரண் நேர்ந்தால் எழுத்தே செல்லும். கல்வெட்டியலிலும் இதுவே மரபு.

உறைக்குள்ளே இழைகளின் நிறவரிசை வேறு. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, அக்வா எனப் பன்னிரண்டு. பதின்மூன்றாம் இழைக்குப் புது நிறம் இல்லை. அடுத்த குழாயில் நீலமே மீண்டும் தொடங்கும். குழாய்களும் அதே வரிசையில் நிறம் பெறும். எனவே 17ஆம் இழை என்பது ஆரஞ்சுக் குழாயின் சாம்பல் இழை. இதில் ஐயமுற இடமில்லை.

இவ்வொழுங்கின் பயன் அறுப்பு நேரும்போது விளங்கும். அறுவடைக் காலத்தில் வைக்கோலை உயர ஏற்றிய லாரி, மின்கம்பங்களுக்கிடையே தாழ்ந்த ஃபைபரை இழுத்து அறுத்துவிடுவதுண்டு. ஜாயிண்ட் போட வருபவர் ஏரிக்கரையோரம் மேசை விரித்து, இழையின் பூச்சை உரித்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் இயந்திரத்துள் இரு முனைகளையும் எதிரெதிரே வைக்கிறார். இயந்திரம் ஒரு மின்பொறியால் இரண்டையும் உருக்கி ஒன்றாக்குகிறது. இழப்பு எவ்வளவு எனத் திரையில் காட்டுகிறது. பிறகு ஒரு சிறு குழல் உறை இணைப்பின்மேல் சூடேற்றிச் சுருக்கப்படுகிறது. மாலை மங்கினால் சாம்பலையும் வெள்ளையையும் பிரித்தறிதல் அரிது. அப்போது அவர் இழையைக் கைபேசி விளக்கின்கீழ்ப் பிடித்து, வரிசையை வாய்விட்டுச் சொல்லி, விரலால் எண்ணுகிறார். நிறவியல் மனப்பாடம் செய்யப்படுவதற்கான காரணம் இதுவே.

5. வளைவும் தூசியும்

ஒற்றைமுறை இழையின் பழைய வகைக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்தினும் குறுகிய வளைவு பொருந்தாது. ஒளி வளைவில் வெளியே கசியும். ஜி.657 எனும் பிற்கால வகையில் ஏ1 பிரிவு 10 மில்லிமீட்டர் வரையும், ஏ2 பிரிவு 7.5 வரையும், பி3 பிரிவு 5 வரையும் வளையும். வளைவதற்கும் மடிவதற்கும் வேறுபாடு உண்டு. வளைந்தது விடுவித்தால் பழைய நிலைக்கு வரும், மடிந்தது வராது.

தூசியின் இயல் இதனினும் நுட்பமானது. 9 மைக்ரான் வழியில் படியும் துகள், மனித மயிரின் பருமனில் ஒரு சிறு பங்கே ஆயினும், ஒளியைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. ஆகவே எந்த முனையையும் செருகுமுன் நுண்ணோக்கியால் பார்த்தல் வேண்டும். பார்த்தபின் துடைத்தல் வேண்டும். துடைத்தபின் மீண்டும் பார்த்தல் வேண்டும். இரண்டாம் பார்வையை மிகை எனத் தவிர்ப்போர், துடைப்பதாலும் தூசி சேரும் என்பதை மறந்தவர்.

6. விலக்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டின் விலக்குகள் கேபிளுக்குப் பொருந்துமாற்றை இனிக் காணலாம்.

கணக்குக் காட்டாதவர் விலக்கு: சோதனை அறிக்கை இல்லாத கேபிள் ரேக்கில் ஏறலாகாது. இழப்பு எவ்வளவு என அளந்து எழுதாத இணைப்பு, வேலை செய்தாலும் தகுதியுடையது அன்று.

கணக்குக் காட்டாதவரின் உறவினர் விலக்கு: ஒரே டிரம்மிலிருந்து வெட்டிய நீளங்களுள் ஒன்று சோதனையில் தவறினால், ஏனையவையும் ஐயத்துக்கு உரியன. கல்வெட்டு எந்தெந்த உறவு வரை விலக்கு நீளும் என விரித்துச் சொல்கிறது. டிரம் வரை எனக் கேபிளுக்குச் சுருக்கமாகக் கொள்ளலாம்.

கள்ள ஓலை எழுதியவர் விலக்கு: அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசிய கம்பியைக் கேட் 6 என அச்சிட்டு விற்பது சந்தையில் அறியப்பட்ட குற்றம். மேலுறையின் எழுத்தே இறுதிச் சான்று என நான்காம் பகுதியில் நிறுவப்பட்டதால், அவ்வெழுத்தைப் பொய்யாக்குதல் கேபிள் குற்றங்களுள் முதன்மையானது.

பிராயச்சித்தம் செய்தும் ஆயுள் முழுதும் விலக்கப்பட்டவர்: ஒருமுறை மடிந்த ஃபைபரை நிமிர்த்திக் கட்டினும், அது நிமிர்ந்ததாகத் தோன்றினும், முதன்மை இணைப்புக்கு உரியது ஆகாது.

இவை நான்கும் குற்றத்தால் வரும் விலக்குகள். ஐந்தாவது வேறுவகை. மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் குற்றம் ஏதும் செய்தவர் அல்லர். அவர் முறையால் விலகுகிறார். பிறர்க்கு இடம்விட்டு, காலம் கழிந்தபின் மீண்டும் வரலாம். குற்றத்தால் விலகுவதும் முறையால் விலகுவதும் வேறு வேறு எனப் பிரித்துக் கண்டதே உத்திரமேரூர்ச் சபையின் பேரறிவு.

7. சந்தை

கேபிள் சந்தையின் பெருக்கம் பெரும்பாலும் இவ்வைந்தாம் விலக்கால் நிகழ்வது. 100 ஜிகாபிட் கேபிள் பழுதடைவதால் நீக்கப்படுவதில்லை. 400 ஜிகாபிட் வந்ததால் நீக்கப்படுகிறது. ஈதர்நெட்டில் 100 ஜிகாபிட் தரம் 2010இல் வகுக்கப்பட்டது; 400 ஜிகாபிட் 2017இல்; 800 ஜிகாபிட் 2024இல். ஒவ்வொரு தரத்தின் வருகையும் முந்தைய தலைமுறைக் கேபிளுக்கு முறை முடிந்தது என்னும் அறிவிப்பாகும்.

செயற்கை நுண்ணறிவு இம்முறையை விரைவுபடுத்தியது. 2024 மார்ச்சில் என்விடியா அறிவித்த ஜி.பி.200 என்.வி.எல்.72 என்னும் ஒற்றை ரேக்கினுள் 72 ஜி.பி.யு.க்களை இணைப்பவை 5,000க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்கள். அவற்றின் மொத்த நீளம் ஏறக்குறைய இரண்டு மைல். சராசரி நீளம் இரண்டடிக்குச் சற்று மேல் என வகுத்தறியலாம். ஒளிக்கு மாறினால் டிரான்ஸீவர்களுக்கு மட்டும் ரேக் ஒன்றுக்கு 20 கிலோவாட் கூடுதலாகச் செலவாகும் என்பதே அங்குச் செம்பைக் கொண்டதற்குக் காரணம். செம்பு எண்ணிக்கையில் பெருகுவதும் நீளத்தில் குறுகுவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன.

ரேக்கை விட்டு வெளியே வந்தால் கண்ணாடி இழைக்கே இடம். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூமென் நிறுவனம், கார்னிங்கின் உலகளாவிய ஃபைபர் உற்பத்தித் திறனில் 10 விழுக்காட்டை அடுத்த இரண்டாண்டுகளுக்குத் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. தமிழகமும் இச்சந்தைக்குப் புறம்பானது அன்று. 2021இல் தரவு மையக் கொள்கை வெளியிடப்பட்டது; சென்னை, மும்பைக்கு அடுத்த தரவு மைய நகராக நிற்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர்க் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கிண்டியில் 1960இல் டெலிபிரிண்டர் செய்யத் தொடங்கிய எச்.டி.எல். நிறுவனம், டெலிபிரிண்டரின் முறை முடிந்தபின் ஆப்டிக்கல் ஃபைபர் கேபிள் செய்கிறது. முறையால் விலகியவர் மீண்டும் வரலாம் என்னும் விதிக்கு இஃது உள்ளூர்ச் சான்று.

8. அளவை

உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள். பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சிக்கு வகுத்த வேகம் நொடிக்கு 1 ஜிகாபிட். எல்லா ஊராட்சிகளும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்டாலும் தேவை 73 ஜிகாபிட். இது 5 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு 100 ஜிகாபிட் செம்புக் கேபிளில் அடங்கும். 27 ஜிகாபிட் மிஞ்சும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் 274 ஊராட்சிகளும் 2 மீட்டர் நீளமுள்ள ஒரு 400 ஜிகாபிட் கேபிளில் அடங்கும், 126 மிஞ்சும். பாரத்நெட் திட்டத்தில் எண்ணப்பட்ட தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 2 மீட்டர் நீளமுள்ள 800 ஜிகாபிட் கேபிள்கள் 16 போதும். அவற்றை வரிசையாகக் கிடத்தினால் மொத்த நீளம் 32 மீட்டர்.

ஆகவே கிராமத்துக்குக் குறைவாக இருப்பது கேபிளின் கொள்ளளவு அன்று. கிராமத்துக்கு மிகுதியாக இருப்பது தொலைவு. தரவு மையம் கேபிளை மீட்டரால் வாங்குகிறது. ஊராட்சி அதனைக் கம்பத்தால் வாங்குகிறது. சென்னையிலிருந்து உத்திரமேரூர் சுமார் 90 கிலோமீட்டர். ஒளி இழைக்குள் அத்தொலைவைக் கடக்க அரை மில்லிநொடியும் ஆகாது. அறுந்த இடத்துக்கு ஆள் வந்து சேர ஆகும் காலமே ஊராட்சியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

9. கேபிள் வாரியம்

பழைய சபையில் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் இருந்தனர். நீரைக் காக்க அறுவர் போதுமெனில் ஒளியைக் காக்கவும் அறுவர் போதும். அவர்களின் பதவிக்காலம் அம்மரபுப்படி 360 நாள். கம்பங்களைப் பார்த்தல், தாழ்ந்த கேபிளை உயர்த்துதல், கம்பத்தில் சுற்றி வைத்த உபரி லூப்பை எண்ணுதல், அறுப்பு நேர்ந்த நேரத்தையும் ஜாயிண்ட் முடிந்த நேரத்தையும் எழுதிவைத்தல் ஆகியவை அவர்களின் கடமைகள். ஆண்டு முடிவில் கணக்குக் காட்டாதவர் மீண்டும் அமரலாகாது. அவருடைய உறவினரும் அமரலாகாது.

தேர்வு குடவோலையால் நடைபெறுக. ஒன்றுமறியாச் சிறுவன் குடத்திலிருந்து ஓலை எடுக்க, ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை வாங்குக எனக் கல்வெட்டு கூறுகிறது. பேட்ச் கார்டின் முனையை வாங்குவோருக்கு இம்முறை ஆகாது. விரல் எண்ணெய் ஒளிமுகத்தில் படியும். ஓலைக்கு விரித்த கை, முனைக்கு மூடி: இவ்வேறுபாட்டை வாரியத்தார் முதல் நாளே கற்றல் வேண்டும்.

வாரியத்தின் முதல் தீர்மானம் ஒன்றை இங்கே முன்மொழியலாம். சிறுசேரியில் முறையால் விலகும் 100 ஜிகாபிட் கேபிள்கள் குற்றமற்றவை. சோதனை அறிக்கை உடையவை. இன்னும் 5 மீட்டர் நீளமும் உடையவை. தரவு மையத்தில் அவற்றின் முறை முடிந்தது. உத்திரமேரூர் ஒன்றியத்தின் ரேக்கில் இன்னும் தொடங்கவில்லை. சந்தை அவற்றைக் கழிவு எனக் கணக்கெழுதுகிறது. 921ஆம் ஆண்டின் விதிப்படி அவை ஓய்விலிருக்கும் உறுப்பினர்கள். ஓலை எழுதப்படத் தகுதியுடையவை. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அமர்த்தினால் 73 ஊராட்சிகளும் அடங்கும். எஞ்சும் 27 ஜிகாபிட், இனிப் பிரியக்கூடிய ஊராட்சிகளுக்காக வாரியத்தின் இருப்பில் வைக்கப்படுக.